சொந்தக் கடிகாரம் இல்லாத பெட்டி

அந்த விசையைத் தொடாதீர்கள், ஐயா. மின்விசிறிக்கு உரியது அதற்கு அடுத்தது. சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறதே, அதைத் தொடக்கூடாதாம். நாடா ஒட்டியவன் நானல்ல. இந்தத் திருமண மண்டபத்தின் செயலாளராக இருந்து, வீணாக எரிந்த விளக்குகளையெல்லாம் என் கையால் அணைத்து வந்தவன் நான். எனக்கே இப்போது எதை அணைக்கலாம், எதை அணைக்கக் கூடாது என்று நாடா ஒட்டிக் காட்டுகிறார்கள். காட்டட்டும். நன்றியுள்ள உலகத்தைத் தேடி நான் பிறக்கவில்லை.

அமருங்கள். மேலாளர் சாப்பிடப் போயிருக்கிறான். அவன் வந்து இரண்டு தளங்களையும் சுற்றிக் காட்டுவான். பெயர் என்ன சொன்னீர்கள்? ஆவுடையப்பன். நல்ல பெயர். என் பெயர் தெய்வநாயகம். மகளுக்காக வந்திருக்கிறீர்கள், அப்படித்தானே? தலையை மட்டும் அசைக்கிறீர்கள். நன்று. பேச்சைக் குறைத்தவரை இக்காலத்தில் காண்பது அரிது.

திரையைத்தான் பார்க்கிறீர்கள். நுழைகிற எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். எதிர்ச்சுவரில் இந்த மண்டபத்து அறக்கட்டளையை நிறுவிய பெருமகனார் மாலையோடு தொங்குகிறார், அவரை ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை. திரையில் அப்படி என்ன இருக்கிறது? யாருக்கு யாரோடு திருமணம், என்று, எந்தத் தளம். ஒரு கரும்பலகையும் ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியும் செய்கிற வேலை.

அதன் பின்னால் ஒரு பெட்டி ஒளிந்திருக்கிறது. குளியல் சோப்பு வைக்கும் டப்பா அளவுதான். அதுதான் கணினி என்றார்கள். விசைப்பலகை கிடையாது, சுட்டி கிடையாது. லினக்ஸ் என்று ஏதோ ஒன்று உள்ளே ஓடுகிறதாம். மின்சாரம் கொடுத்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும், மூலையில் ஒரு பென்குயின் உட்கார்ந்திருக்கும். கோவில்பட்டி வெயிலில் பென்குயின். "மங்கல காரியம் நடக்கும் இடத்தில் முதலில் பிள்ளையார் அல்லவா தோன்றவேண்டும்?" என்று அதைப் பொருத்த வந்த பெண்ணிடம் கேட்டேன்.

"இதுவும் தொப்பையாத்தான்யா இருக்கு. மனசுக்குள்ள கும்பிட்டுக்கோங்க" என்றாள்.

அவள்தான் முத்தரசி. பேருந்து நிலையத்துக்கு எதிரே கேமரா மாட்டுவது, இணைய இணைப்புக் கொடுப்பது என்று ஒரு கடை வைத்திருக்கிறாள். ஏணியில் ஏறி நின்றுகொண்டே என்னோடு பேசுவாள். பெரியவரோடு பேசும்போது கீழே இறங்கவேண்டும் என்பது அவள் படித்த படிப்பில் இல்லை. நான் திரைக்கென்று அறவுரைகள் எழுதிக் கொடுத்தேன். திருமணப் பெயர்களுக்கு இடையிடையே அவை வரவேண்டும் என்பது என் விருப்பம். சிக்கனம், நாவடக்கம், உணவை வீணாக்காமை. அவள் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "அய்யா, நீங்க எழுதுனது ரெண்டு ஸ்கிரீன் தாண்டுது. வர்றவங்க நின்னு படிச்சு முடிக்கிறதுக்குள்ள பந்தி முடிஞ்சிரும்."

பந்திக்காகவே வருகிறவர்கள் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது, பாருங்கள். ஆனாலும் சுருக்கிப் போட்டாள்.

மேலும் ஒரு செய்தி சொன்னாள். அதுதான் இந்தக் கதைக்கு முதல். "அய்யா, இந்தப் பெட்டிக்குச் சொந்தமா வாட்ச் கிடையாது. கரண்ட நிறுத்துனா எத்தனை மணிக்கு நிறுத்துனீங்களோ, அந்த மணியிலயே தூங்கிரும். மறுபடி முழிக்கும்போது ரூட்டர் மூலமா நெட்ல கேட்டுத்தான் இன்னைக்கு என்ன தேதின்னு தெரிஞ்சுக்கும். அதனால ரூட்டர மட்டும் அணைச்சிராதீங்க. இல்லைன்னா உள்ள ஒரு சின்ன பேட்டரி வச்சிருவோம்."

ஐயா, ஓர் ஊரில் ஓர் இரவுக் காவலன் இருந்தான். நேரம் என்ன என்று யாராவது கேட்டால் அடுத்த தெருக் காவலனிடம் ஓடிப்போய்க் கேட்டு வந்து சொல்வான். அப்படிப்பட்டவனைக் காவலுக்கு வைத்த ஊர் உருப்படுமா? இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, "கருவிக்குள் இன்னொரு கருவி வைக்க இது என்ன குரங்காட்டம்? பேட்டரி வேண்டாம்" என்று தீர்த்துச் சொன்னேன். திரையின் மூலையில் மணி காட்டியது. அதையும் எடுக்கச் சொன்னேன். நிறுவனர் நினைவாக வாங்கி மாட்டிய சுவர்க்கடிகாரம் இருக்கும்போது ஒரு கூடத்தில் இரண்டு கடிகாரம் ஆடம்பரமல்லவா? அவள் மூலையிலிருந்த மணியை எடுத்தாள். இரண்டு விசைகளின்மேல் மட்டும் ‘அணைக்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். ஒன்று இங்கே, பெட்டிக்கு. மற்றது என் அலுவலக அறையில், ரூட்டருக்கு. அந்த அறையின் சாவி எப்போதும் என் இடுப்பில்.

வாயிற்காவலன் சங்கிலியிடமும் அன்றே சொல்லிவிட்டேன்: "இனி வருகிறவர்களிடம் நீ வாய் திறக்காதே. வழியைத் திரை சொல்லும்." அவனுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் ஊர்க்கதை பேசும் நோய் உண்டு.

"சரிங்க அண்ணாச்சி. இனிமே நான் பொம்மைதான்" என்றான். அன்று முதல் பொம்மையாகவே நின்றான். சொன்ன சொல்லைக் காத்தவன் அவன் ஒருவன்தான்.

இப்போது என் மகன் திருமணக் கதைக்கு வருகிறேன். மகன் பெயர் அறவாழி. பெயர் வைத்தவன் நான், பொருள் இன்னும் அவனுக்கு விளங்கவில்லை. அந்தத் திருமணத்துக்கு அடுத்த மாதம் அறக்கட்டளைச் செயலாளர் தேர்தல். என்னை எதிர்த்து நின்றவன் பலவேசம், அரிசி வியாபாரி. அறக்கட்டளை உறுப்பினர் அத்தனை பேரையும் வீடு வீடாகச் சென்று அழைத்தேன். வாக்குக் கேட்கவில்லை, கேட்பது இழிவு. கீழ்த்தளம் நிரம்பி வழிவதை ஊர் கண்ணால் கண்டால் போதும், தேர்தல் அத்துடன் முடிந்தது. முதிய புலவர் ஒருவர் வாழ்த்துரை வழங்க இசைந்திருந்தார். என் பொதுவாழ்வைப் பற்றிய குறிப்புகளை அவருக்கு முன்கூட்டியே கொடுத்திருந்தேன். அவருடைய நினைவாற்றலுக்கு உதவியாக.

அதே காலைக்கு முத்தரசியும் மேல்தளத்தைக் கேட்டாள். தன் திருமணத்துக்கு. மாப்பிள்ளை ஜோயல் என்று ஒருவன், மின்தூக்கி பழுது பார்ப்பவன். மதம் வேறு. அவனுக்குத் தாய் தந்தை இல்லை, விடுதியில் வளர்ந்தவன். மேல்தளம் குளிர்பதனம் செய்யப்பட்டது. அங்கே ஓமம் வளர்த்தால் புகை போக வழியில்லை. அதனால் முகூர்த்தங்கள் கீழே, முந்திய மாலை வரவேற்புகள் மேலே என்பது இந்த மண்டபத்தின் வழக்கம். அவளுக்கு ஓமமும் இல்லை, ஐயரும் இல்லை. காலையில் மேல்தளம் எனக்குத் தேவையும் இல்லை. கொடுத்தேன். கொடுக்கும்போது, "யார் யார் வருவார்கள்?" என்று கேட்டேன்.

"தெரியலைங்கய்யா. வரமாட்டேன்னு அப்பா சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாரு. அவரு வரலைன்னா சொந்தத்துல ஒரு ஈ காக்கா வராது. கடைப் பிள்ளைங்க, ஜோயல்கூட வேலை பார்க்கிறவங்க, அவ்வளவுதான். அத்தாம்பெரிய ஹால்ல போட்டோ எடுத்தா நாற்காலிதான் தெரியும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏணியை மடக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"வேரை வெட்டிவிட்டுப் பூவைத் தேடுகிறாய், அம்மா" என்று அறிவுரை சொன்னேன். உரிய காலத்தில் சொல்லாத அறிவுரை எதற்கு?

மாலை வரவேற்பு மேல்தளத்தில் நடந்தது. வரவேற்பு என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. அது பகட்டின் இன்னொரு பெயர். சம்பந்தி வீட்டார் வற்புறுத்தியதால் நடத்தினேன். திரையில் மட்டும் மாலைக்கும் காலைக்கும் ‘திருமண விழா’ என்றே போடச் சொல்லியிருந்தேன். சம்பந்தி வீட்டாரும் உறவினரும் வந்தார்கள். உறுப்பினர்களைக் காலைக்கே அழைத்திருந்தேன். எல்லாம் முடிந்ததும் வழக்கம்போல ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தேன். இங்கே வந்தேன், பெட்டியையும் அணைத்தேன். அலுவலகத்தில் ரூட்டரையும் அணைத்தேன். யாருமில்லாத கூடத்தில் எழுத்துகள் எரிந்து யாருக்கு என்ன பயன்? மகன் திருமணம் என்பதற்காகக் கொள்கையை ஒருநாள் கழற்றி வைக்க முடியுமா?

காலையில் சங்கிலி வந்து இங்குள்ள விசையைப் போட்டிருக்கிறான். பென்குயின் கண் விழித்தது. அலுவலக அறை பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில், நான் மணவறையில். பெட்டிக்கு யாரைக் கேட்பது? அப்போதெல்லாம் அந்தந்த வேளைக்கு உரிய திருமணத்தை மட்டுமே, தேதி போடாமல், காட்டும். அதற்கு இன்னும் முந்திய மாலைதான். ‘திருமண விழா. அறவாழி – சிவகாமி. மேல்தளம்’ என்று அம்புக்குறியோடு காட்டிக்கொண்டு நின்றது. முத்தரசி பெயரே அதில் இல்லை. அதைச் சரி செய்யத் தெரிந்த ஒருத்தி மேலே பட்டுடுத்தி உட்கார்ந்திருந்தாள். வாயால் சொல்லக்கூடிய ஒருவன் வாசலில் பொம்மையாக நின்றான்.

எல்லாரும் மேலே போனார்கள், ஐயா. என் உறுப்பினர்கள், என்னோடு பணிசெய்தவர்கள், நான் நேரில் சென்று அழைத்த அத்தனை பேரும்.

மணமக்களைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். எப்படித் தெரியும்? நம்மவர் திருமணத்துக்கு வருவது அழைத்தவன் முகத்துக்காக. பிள்ளையை யார் பார்த்திருக்கிறார்கள்? மேடையில் ஓர் ஆண், ஒரு பெண், கழுத்தில் மாலை, முகத்தில் மாவு. போதும். கையைக் கொடு, படம் எடு, பின்படிக்கட்டு வழியாக உணவுக்கூடத்தில் இறங்கு, சாப்பிடு, பின்வாசலில் வண்டியை எடு. நம் ஊரார் திருமணத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை, ஐயா. வாயால் பார்க்கிறார்கள்.

கீழே நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் சம்பந்தி வீட்டார், சில குழந்தைகள். பின்னால் வெறும் நாற்காலிகள். புலவரைக் காணோம். ஐயர், "கூரைப் புடவை கட்டிண்டு வந்தாச்சா?" என்கிறார். நான் மனைவியிடம், "இதோ வருகிறேன்" என்று சொல்லி எழுந்தேன். "முகூர்த்த நேரத்துல எங்க போறீங்க? உக்காருங்க" என்றாள். கடமை புரியாத பெண். வெளியே வந்தேன், திரையைப் பார்த்தேன். சங்கிலி பேசாமல் மேலே கைகாட்டினான். மேலே ஓடினேன்.

நுழைந்தால் உட்கார இடமில்லை. சுவரோரம் நிற்கிறார்கள். என் கூட்டம். நான் சேர்த்த கூட்டம். மேடையில் புலவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "மணமகனின் தந்தையாரை நான் நாற்பது ஆண்டுகளாக அறிவேன். நேர்மைக்கு இலக்கணம். சிக்கனத்துக்கு உரைகல். அத்தகைய தந்தையின் கைபிடித்து வளர்ந்த பிள்ளை இவன்" என்று ஜோயலின் தோளைத் தட்டுகிறார். ஒரு சொல் மாறாமல் என் குறிப்பு. கைதட்டல் எழுந்தது. அந்தப் பையன் தலை குனிந்து அழுகிறான். பலவேசம் முதல் வரிசையில் இருந்து தானும் கைதட்டுகிறான். அவனுக்கு உண்மை தெரிந்திருந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். தெரிந்தும் அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். அற்பன்.

கத்தலாமென்று வாயைத் திறந்தேன். அந்நேரம் பார்த்துக் கீழே கெட்டிமேளம் முழங்கியது. கீழே வாசிக்கும் மேளம் மேல்தள ஒலிபெருக்கியிலும் கேட்கும். மேளம் கேட்டால் நம்மவர் கை தானாக எழும். ஊரே எழுந்து நின்றது. ஜோயலும் தாலியை எடுத்துக் கட்டிவிட்டான். என் மகனுக்காக வாசித்த மேளத்தில்.

அட்சதைத் தட்டு அதற்கு முன்பே சுற்றியிருந்தது. யாரோ என் கையிலும் ஒரு பிடியைத் திணித்திருந்தார்கள். அப்போது பக்கத்தில் ஒரு குரல்: "அண்ணாச்சி, கொஞ்சம் அட்சதை இருக்குமா? எனக்குத் தட்டு வரல."

கடைசித் தூணுக்குப் பின்னால் ஓர் ஆள் ஒண்டிக்கொண்டு நிற்கிறான். கசங்கிய சட்டை, தோளில் துண்டு, கையெல்லாம் வாழைக்கறை. உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. என் கையிலிருந்ததில் பாதியை அவன் கையில் கொட்டினேன். இரண்டு கையையும் ஏந்தி வாங்கினான். தூணைவிட்டு ஓரடி முன்னே வந்து எறிந்தான். அந்தத் தொலைவுக்கு மேடைவரை எங்கே போகும்? முன்னால் நின்றவர்கள் தலையில்தான் விழுந்தது. மீண்டும் தூணுக்குப் பின்னால் போய்விட்டான். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "பையன் நல்லவன்னு அந்தப் பெரியவர் சொல்றாரே. நாற்பது வருசமாத் தெரியுமாமே" என்றான்.

"அது வேறு ஆளைப் பற்றிய பேச்சு" என்றேன்.

அவன் காதில் விழவில்லை. மேளச் சத்தம்.

என் கையில் மீதி இருந்ததா? அதை என்ன செய்வது, ஐயா? தரையில் கொட்டினால் அரிசி வீணாகும். மேடையை நோக்கிப் போட்டேன். அவ்வளவுதான். அதை ஒருவன் படம் எடுத்துவிட்டான். நான் அவளை மனமார வாழ்த்தினேன் என்று ஊரில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. பொய்.

கீழே இறங்கி வந்தபோது என் மகன் மூன்று முடிச்சும் போட்டு முடித்திருந்தான். நான் பார்க்கவில்லை. மனைவி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. மகனிடம், "ஆயிரம் பேர் இருக்கவேண்டிய இடத்தில் நாற்காலிகளுக்கு நடுவே தாலி கட்டவேண்டியதாயிற்றே" என்று வருந்திச் சொன்னேன். "நல்லாத்தான்பா இருந்துச்சு. அவ என்ன சொல்றான்னு காது கேட்டுச்சு" என்கிறான். இவனுக்கு அறவாழி என்று பெயர்.

முத்தரசி அன்று பிற்பகல் மாலையும் கழுத்துமாக இங்கே வந்து நின்றாள். அருகில் அந்த ஜோயல். என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "ரூட்டர அணைச்சீங்களாய்யா?" என்றாள். கண்டிக்கவேண்டியவன் நான், கேள்வி கேட்பவள் அவளா? இருவரும் காலில் விழுந்தார்கள். பையன் எழுந்து, "அய்யா, எனக்கு அப்பா கிடையாது. மேடைல அந்தப் பெரியவர் பேசுனப்ப ஒருத்தர் இருந்த மாதிரியே இருந்துச்சு" என்றான். என் நாற்பது ஆண்டுப் பொதுவாழ்வு ஒரு மின்தூக்கிக்காரனுக்குச் சீதனமாகப் போயிற்று.

தூணுக்குப் பின்னால் நின்றவன்தான் அவள் அப்பன் என்று சங்கிலி சொல்லித்தான் அறிந்தேன். சுடலைமணி, பேருந்து நிலையத்தில் பழக்கடை. தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விட எண்ணி வந்தவனாம். உள்ளே திருவிழாக் கூட்டம் என்றதும், யார் கண்ணிலும் படமாட்டோம் என்று கூட்டத்தோடு கூட்டமாக ஏறியிருக்கிறான். காலியான கூடமாக இருந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பானாம். இப்போது பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அதே கடையில் பழம் விற்கிறான். சூடம் அணைத்துச் செய்த சத்தியம் ஒரு பிடி அரிசிக்கு நிற்கவில்லை. இப்படிப்பட்ட மனிதர்களை வைத்துக்கொண்டு ஒரு சமுதாயம் எப்படி நிமிரும்? ஒன்றைச் சொன்னால் அதில் நிற்கவேண்டும். கூடாது என்றால் கூடாது. வரமாட்டேன் என்றால் வரக்கூடாது. தூணுக்குப் பின்னால் வருவது வருகையுமல்ல, வராமையுமல்ல.

தேர்தலா? பலவேசம் வென்றான். ஆளில்லாத மணவறையைப் பார்த்து, ‘இவர் அழைத்தால் யாரும் வருவதில்லை’ என்று சம்பந்தி வீட்டாரே பரப்பினார்கள். அவன் செயலாளர் ஆனதும் செய்த முதல் வேலை அந்தப் பெட்டிக்குப் பேட்டரி வைத்தது. இரண்டாவது வேலை இந்தச் சிவப்பு நாடா. என் அறவுரைகளையும் எடுத்துவிட்டான். ஆனாலும் நான் நாள்தோறும் வருகிறேன். யாராவது ஒருவர் இங்கே ஒழுங்கை நினைவூட்டிக்கொண்டு இருக்கவேண்டாமா?

எழுந்துவிட்டீர்களே. என்ன தேதிக்கு மண்டபம் வேண்டும் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையா? வருகிற வெள்ளி மேல்தளம் கொடுத்தாகிவிட்டது, ஐயா. வந்ததிலிருந்து திரையில் அந்த வரியைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ‘ஆ. வான்மதி – க. செழியன்.’ பெற்றவர்கள் பெயர் போடாத அழைப்பு. இப்போதெல்லாம் இத்தகைய திருமணக்காரர்கள் மேல்தளம்தான் வேண்டும் என்கிறார்கள். ராசியாம்.

என்ன கேட்டீர்கள்? சற்று உரக்கச் சொல்லுங்கள். பின்படிக்கட்டா? உண்டு. உணவுக்கூடத்தின் ஓரமாக ஏறினால் கடைசித் தூணருகில் போய்த் திறக்கும். ஆனால் அது எச்சில் இலை எடுப்பவர்கள் புழங்கும் வழி. பெண்ணைப் பெற்றவர் முன்வாசலில் வரவேண்டும், மாலை போட்டு அழைத்துப் போவார்கள்.

அன்று கூட்டம் இருக்குமா என்றா கேட்கிறீர்கள்? எனக்கு எப்படித் தெரியும்? பெட்டி இப்போது சரியான நேரம் காட்டுகிறது. வழி தவறி யாரும் வரப்போவதில்லை.

அட்சதைத் தட்டு அந்தத் தூண்வரைக்கும் வராது, ஐயா. அன்றும் வரவில்லை. முன்வரிசையிலேயே தீர்ந்துவிடும். அதனால்தான் அந்தப் பழக்கடைக்காரன் என்னிடம் கையேந்த வேண்டியதாயிற்று. மனவுறுதி இல்லாதவனுக்கு முன்யோசனையாவது இருக்கவேண்டாமா? வீட்டிலிருந்தே ஒரு பிடி பச்சரிசியில் மஞ்சள் பிசறி, துண்டு முனையில் முடிந்து எடுத்து வந்தால், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.